பழைய குடிசன மதிப்புத் தாள்களிலுள்ள குறியீடுகளை வாசித்தல்

வரலாற்று மூலாதாரங்கள் என்னும் பகுதியில் ஆவணமொன்றைத் தந்து அதனை விளக்குமாறு கேட்பதுண்டு. குடும்ப வரலாற்றைத் தேடுவோர் பெரிதும் நம்பும் ஆவணம் குடிசன மதிப்புத் தாளாகும். ஐக்கிய அமெரிக்காவின் 1940 ஆம் ஆண்டுத் தாளை உதாரணமாகக் கொள்வோம். அந்நாட்டில் இத்தாள்கள் 72 ஆண்டுகள் கழிந்த பின்னரே பொதுமக்கள் பார்வைக்கு விடப்படும். அதன்படி இவை 2012 ஏப்ரல் 2 இல் திறக்கப்பட்டன.

ஒரே தாளில் இருவேறு கையெழுத்துக்கள் இருப்பதை முதலிற் கவனியுங்கள். வீடு வீடாகச் சென்ற கணக்கெடுப்பாளர் எழுதியவை ஒருவகை. பின்னர் அலுவலகத்தில் எழுதுவினைஞர்கள் சேர்த்த எண்கள் மற்றையவகை. ஹேர்மன் ஹொலரித்தின் அட்டவணை இயந்திரம் 1890 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலிருந்தே பயன்பட்டது. அது சொற்களை வாசிக்காது. துளையிட்ட அட்டையை மட்டுமே எண்ணும். எனவே ஒவ்வொரு விடையையும் எண்ணாக மாற்றவேண்டியிருந்தது. அவ்வெண்கள் அட்டைக்காக எழுதப்பட்டவை, குடும்பத்தவர் சொன்னவை அல்ல.

மாணவர் பலர் தவறுவது இங்கேதான். வேலை பற்றிய 25 ஆம் நிரலில் ஒரு பெண்ணுக்கு ‘எச்’ என்றிருந்தால் அவர் வீட்டுவேலை செய்பவர் என்பது பொருள். அதனையடுத்துள்ள அலுவலக நிரலில் 5 என்றிருக்கும். அடுத்த 26 ஆம் நிரல் வேலைசெய்த மணித்தியாலங்களுக்குரியது. அவசரமாகப் பார்ப்பவர் ‘அவர் 5 மணித்தியாலம் வேலை செய்தார்’ என்று எழுதிவிடுவார். உண்மையில் 5 என்பது ‘எச்’ என்பதற்கான குறியீடு மட்டுமே. அதே ‘எச்’ கல்வி நிரலில் உயர்நிலைப் பாடசாலையைக் குறிக்கும். ‘எஸ்’ என்பது விவாக நிரலில் மணமாகாதவர். 25 ஆம் நிரலிலோ பாடசாலை மாணவர். ஆகவே நிரலின் தலைப்பைப் பாராமல் எழுத்துக்குப் பொருள் சொல்லாதீர்கள்.

விவாக நிரலில் ‘எம்’ என்பதன் மேல் 7 எழுதப்பட்டிருப்பதையும் காணலாம். பேரப்பிள்ளை ஒருவர் இதைப் பார்த்து, பாட்டி விவாகரத்தானவர் என்றோ கைவிடப்பட்டவர் என்றோ எண்ணக்கூடும். 7 சொல்வது இவ்வளவே: அவர் மணமானவர், ஆனால் துணைவர் அவ்வீட்டில் பதியப்படவில்லை. கணவர் தொலைவில் வேலையில் இருந்திருக்கலாம், வைத்தியசாலையில் இருந்திருக்கலாம், பிரிந்தும் இருந்திருக்கலாம். காரணத்தைத் தாள் கூறாது. கணவரின் பெயரை வேறு இடத்துத் தாள்களில் தேடிய பின்னரே முடிவு கூறவேண்டும். ஒரு குடும்பத்தின் மானம் சம்பந்தப்பட்ட விடயமாதலால் இதில் அவசரம் கூடாது.

இனம் பற்றிய நிரலில் ‘ஹின்’ என்றிருப்பினும் அவர் இந்து சமயத்தவர் என்று கொள்ளற்க. இந்திய உபகண்டத்திலிருந்து சென்ற சீக்கியரும் முஸ்லிம்களும்கூட அவ்வாறே பதியப்பட்டனர்.

பெயரையடுத்து வட்டமிட்ட ‘எக்ஸ்’ இருந்தால் தகவல் கூறியவர் அவரே. இது சிறு அடையாளம்தான். ஆயினும் வயது, கல்வி முதலியவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதை மதிப்பிட மிகவும் உதவும்.

பயிற்சி வினா: ஒரு தாளில் 34 வயதுப் பெண்ணின் விவாக நிரலில் 7 உம், 25 ஆம் நிரலில் ‘எச்’ உம், அதன் அருகில் 5 உம் உள்ளன. வட்டமிட்ட ‘எக்ஸ்’ அவரது 12 வயது மகனின் பெயரருகே உள்ளது. இப்பெண்ணைப் பற்றி உறுதியாகக் கூறக்கூடியவை எவை, கூறமுடியாதவை எவை?