முகப்பும் பின்தளமும்: காவல் நிற்க வேண்டிய இடம்

தார்நாகாவில் வீட்டுச் சமையலறையிலிருந்து மதிய உணவு அனுப்பும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்வோம். உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள், இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்திலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலும் பணிபுரிவோர், ஹப்சிகூடா, லாலாப்பேட்டைக் குடும்பங்கள் என நாளொன்றுக்கு 150 டப்பாக்கள் செல்கின்றன. ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. கணக்கு நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது. இத்தகைய தொழிலை நடத்துவோர் இன்று ஒரு வரி நிரல்கூட எழுதாமல் தமக்கென ஒரு வலைச்செயலியை உருவாக்கிக்கொள்ள இயலும். அதற்குப் பயன்படும் இரு பகுதிகளை எவ்வாறு இணைக்கிறோம் என்பதைப் பொறுத்தே வாடிக்கையாளரின் முகவரியும் தொழிலின் பணமும் பாதுகாப்பாக இருக்கும்.

முதற்பகுதி முகப்பு. வீவெப் போன்ற கருவியில் பொத்தான், படம், பட்டியல் ஆகியவற்றைச் சுட்டியால் இழுத்து வைத்துப் பக்கத்தை அமைக்கலாம். இரண்டாம் பகுதி பேக்எண்ட் எனப்படும் பின்தளம். தரவுகள் அங்கேதான் தங்குகின்றன. கணக்கிடுதலும் அனுமதி பார்த்தலும் அங்கேதான் நடைபெற வேண்டும். ஸானோ, சூபாபேஸ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. சென்னையைச் சேர்ந்த ஸோஹோ நிறுவனத்தின் கிரியேட்டர் போன்றவற்றில் இரு பகுதிகளும் ஒரே கூரையின் கீழ் வருவதால் இணைக்கும் வேலை குறைவு. எனினும் பின்வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை அவற்றுக்கும் பொருந்தும்.

இணைப்பு என்பது நடைமுறையில் முகவரிகளின் தொகுப்பே. பின்தளத்தில் வாடிக்கையாளர், உணவுப் பட்டியல், ஆர்டர் என மூன்று அட்டவணைகளை அமைத்தால், ஒவ்வோர் அட்டவணைக்கும் அனைத்தையும் காட்டு, ஒன்றைக் காட்டு, சேர், திருத்து, நீக்கு என்ற ஐந்து செயல்களுக்கான ஏ.பி.ஐ. முகவரிகளை ஸானோ தானாகவே உருவாக்கித் தரும். முகப்பு அந்த முகவரியை அழைக்கிறது. பின்தளம் விடை அனுப்புகிறது. வாடிக்கையாளர் உள்நுழைந்ததும் பின்தளம் அவருக்கு ஒரு டோக்கன் வழங்கும். அதன்பின் ஒவ்வோர் அழைப்பிலும் முகப்பு அந்த டோக்கனை இணைத்து அனுப்ப வேண்டும். இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடித்துவிடலாம். சிக்கலும் இந்த எளிமையிலிருந்தே பிறக்கிறது.

நாம் அமைத்த பக்கம் நம்மிடம் இருப்பதில்லை. பார்வையாளர் திறந்த கணமே அது அவருடைய கணினிக்குச் சென்றுவிடுகிறது. அங்கே உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறந்தால், எந்த முகவரிகள் அழைக்கப்பட்டன, என்ன விடை வந்தது என்பன அனைத்தும் தெரியும். 'இந்த வாடிக்கையாளரின் ஆர்டர்களை மட்டும் காட்டு' என்று முகப்பில் ஒரு வடிகட்டி அமைத்திருப்போம். பின்தளமோ 150 பேரின் ஆர்டர்களையும் அனுப்பியிருக்கும். திரை மட்டும் ஒருவருடையதைக் காட்டும். மற்ற 149 பேரின் பெயரும் கைபேசி எண்ணும் வீட்டு எண்ணும் திரைக்குப் பின்னால் கிடக்கும். நிர்வாகப் பக்கத்துக்கான பொத்தானை மறைத்துவைப்பதும் அத்தகையதே. கடைக் கண்ணாடியில் திரைச்சீலை தொங்கவிட்டுக் கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பானது அது.

தார்நாகா என்ற பெயருக்கு அவ்வூரார் சொல்லும் விளக்கம் இங்கே நினைவுக்கு வருகிறது. தார் என்றால் கம்பி. நாகா என்றால் சாவடி. நிஜாம் காலத்தில் கம்பிவேலியிட்ட தோட்டமும் அதற்கொரு காவற்சாவடியும் இருந்ததால் இப்பெயர் வந்தது என்பர். பின்தளம் அந்தச் சாவடியின் இடத்தில் இருக்கிறது. வருபவர் யார், எதற்கு உரியவர் என்ற சோதனை அங்கே நடைபெறாவிட்டால் வேறெங்கும் நடைபெறாது.

இது கற்பனை அச்சமன்று. 2021 ஆகஸ்டில் அப்கார்டு என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் கருவியால் நிரலின்றி உருவாக்கப்பட்ட தளங்களில் ஏறத்தாழ 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் எவரும் காணும்படி இருந்தன. இண்டியானா, மேரிலாண்டு மாநில அரசு அமைப்புகள், அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஃபோர்டு முதலிய 47 அமைப்புகளின் தளங்கள் அவை. கொரோனாத் தொற்றுத் தொடர்பு விவரங்களும் தடுப்பூசி முன்பதிவுகளும் அவற்றுள் இருந்தன. எவரும் பூட்டை உடைக்கவில்லை. பட்டியலை வெளியே தரும் வசதியை இயக்கியவர்கள், அட்டவணை அனுமதி என்ற தனித் தெரிவை இயக்காமல் விட்டிருந்தனர். தொடக்க அமைப்பில் அது அணைந்தே இருந்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் அத்தொடக்க அமைப்பை மாற்றியது. பேரமைப்புகளின் தொழில்நுட்பப் பிரிவுகளே தவறவிட்டதை, டப்பா கட்டிக்கொண்டே செயலி அமைப்பவர் தவறவிடுவது எளிது.

ஆகவே செய்ய வேண்டியவற்றைக் காண்போம். தானாக உருவான முகவரிகள் ஒவ்வொன்றிலும் உள்நுழைவு கட்டாயமா என்று பார்க்க வேண்டும். தேவையற்றவற்றை நீக்கிவிட வேண்டும். 'வாடிக்கையாளர் அனைவரையும் காட்டு' என்பது பொது முகப்புக்கு ஒருபோதும் தேவைப்படாது. அடுத்தது சற்று நுட்பமானது. 'வாடிக்கையாளர் எண் 41-இன் ஆர்டர்களைத் தருக' என்று முகப்பு கேட்கும்படி அமைத்தால், 41-ஐ 42 என மாற்றிக் கேட்பதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டியதில்லை. கேட்பவர் யார் என்பதைப் பின்தளம் டோக்கனிலிருந்து தானே அறிந்து, அவருக்குரிய பதிவுகளை மட்டும் எடுத்துத் தர வேண்டும். சூபாபேஸில் இதற்கு ரோ லெவல் செக்யூரிட்டி என்ற வசதி உண்டு. அட்டவணையின் ஒவ்வொரு பதிவுக்கும் 'உரியவர் மட்டுமே காணலாம்' என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே எழுதிவைப்பது அது.

சூபாபேஸ் பொதுச் சாவி, ரகசியச் சாவி என இருவகைச் சாவிகளைத் தருகிறது. பொதுச் சாவி முகப்பில் இருக்கலாம். மேற்சொன்ன விதிகள் அதைக் கட்டுப்படுத்தும். ரகசியச் சாவியோ எல்லா விதிகளையும் கடந்து செல்லும். இணைப்பு வேலை செய்யவில்லை என்ற எரிச்சலில் அதை முகப்பில் ஒட்டிவிடுவோர் உண்டு. இணைப்பு உடனே வேலை செய்யும். உலகம் முழுவதற்கும் வேலை செய்யும்.

பணம் செலுத்தும் பகுதியில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மொத்தத் தொகையை முகப்பு கணக்கிட்டு அனுப்பக் கூடாது. முகப்பு அனுப்ப வேண்டியது உணவின் பெயரும் எண்ணிக்கையுமே. விலையைத் தன் அட்டவணையிலிருந்து பின்தளமே எடுத்துப் பெருக்கட்டும். இல்லையேல் 1,200 ரூபாய் ஆர்டரை 12 ரூபாய் எனத் திருத்தி அனுப்ப முடியும். அதேபோல், 'செலுத்தப்பட்டது' என்ற குறியை வாடிக்கையாளரின் திரை இடக் கூடாது. பணப்பரிமாற்ற நிறுவனம் பின்தளத்துக்கு நேரடியாக அனுப்பும் வெப்ஹுக் செய்தியைப் பெற்று, அதிலுள்ள கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே ஆர்டரை உறுதிசெய்ய வேண்டும். யுபிஐ செலுத்தியதாகக் காட்டப்படும் போலித் திரைப்பிடிப்பை நம்பி ஏமாந்த கடைக்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

அட்டை எண்களைச் சேமிக்கும் எண்ணமே வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல், அட்டையை வழங்கிய வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர வணிகர் எவரும் அவற்றைச் சேமிக்கக் கூடாது. பெயரும் முகவரியும் கைபேசி எண்ணும்கூட 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் விதிக்கத்தக்க அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறு தொழிலுக்கு அவ்வளவு விதிக்கப்படும் என்பதன்று. பொறுப்பு, செயலியை நடத்துபவருடையது.

எல்லாம் அமைத்த பின் அரைமணி நேரம் ஒதுக்கிச் சோதித்துப் பாருங்கள். உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, உள்நுழையாமல், ஆர்டர் பட்டியலின் ஏ.பி.ஐ. முகவரியை நேரடியாக இடுங்கள். 401 என்ற மறுப்பு வர வேண்டும். பட்டியல் வந்தால் சாவடியில் ஆள் இல்லை. பிறகு இரண்டு சோதனைக் கணக்குகளைத் தொடங்கி, ஒன்றில் உள்நுழைந்து மற்றொன்றின் ஆர்டர் எண்ணைக் கேளுங்கள். 403 அல்லது 404 வர வேண்டும். டப்பா கொண்டுசெல்பவரின் கணக்கிலும் உள்நுழைந்து பாருங்கள்: அன்றைய முகவரிகள் மட்டும் தெரிகின்றனவா, சென்ற ஆண்டினுடையவையும் தெரிகின்றனவா? ரகசியச் சாவி ஒருமுறையேனும் முகப்பில் இடம்பெற்றிருந்தால், அதை அங்கிருந்து அழிப்பது மட்டும் போதாது. புதிய சாவியை உருவாக்கி, பழையதை அன்றே செல்லாததாக்கிவிடுங்கள்.