கிட்வாய் நகரின் 110023 பகா எண்ணா? நாமே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என்ன செய்யப் போகிறோம்?

டெல்லி கிட்வாய் நகருக்குக் கடிதம் போட்டால் முகவரியின் கடைசியில் 110023 என்ற பின்கோடை எழுதுவோம். விடுதலை இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராக அஞ்சல் துறையைக் கவனித்த ரஃபி அகமது கிட்வாயின் பெயரில் அமைந்த குடியிருப்பு இது. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. இந்த ஆறு இலக்க எண்ணை 1-ம் அதே எண்ணும் தவிர வேறு ஏதாவது மீதியில்லாமல் வகுக்குமா? எதுவும் வகுக்காவிட்டால் அது பகா எண். சேர்ந்தே பார்த்துவிடலாம்.

எவ்வளவு செலவு?

ஒரு நோட்டு, ஒரு பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், ஒரு மாலைப் பொழுது. வேறு எதுவும் வேண்டாம்.

எதுவரை போக வேண்டும்?

331 × 331 = 109561. 332 × 332 = 110224, நம் எண்ணைத் தாண்டிவிட்டது. ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிந்தால், சின்னது இந்த எல்லைக்குள் இருந்தே தீரும். ஆகவே 331 வரையிலான பகா எண்கள் போதும். 2 முதல் 331 வரை எழுதி, 2, 3, 5, 7, 11, 13, 17 ஆகியவற்றை விட்டுவிட்டு அவற்றின் மற்ற மடங்குகளை அடித்தால் 67 பகா எண்கள் மிஞ்சும்.

எப்படி வகுப்பது?

கடைசி இலக்கம் 3. எனவே 2-ம் 5-ம் போயின. இலக்கங்களைக் கூட்டினால் 7. எனவே 3-ம் போயிற்று.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். 7 × 11 × 13 = 1001. அதனால் ஆறு இலக்க எண்ணை நடுவில் வெட்டி, ஒரு பாதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தாலே மூன்றுக்கும் விடை கிடைக்கும். 110 − 23 = 87. இதை 7, 11, 13 எதுவும் வகுக்காது, 110023-ஐயும் வகுக்காது. மலை மந்திர் இருக்கும் ஆர்.கே.புரத்தின் 110022-க்கு 110 − 22 = 88. உடனே 11 மாட்டிக்கொள்கிறது!

மீதமுள்ள 61-ஐக் கால்குலேட்டரில் போடுவோம். 17-க்கு மீதி 16, 19-க்கு மீதி 13. இப்படியே போய், 331-க்கு மீதி 131. ஒன்றுகூட வகுக்கவில்லை. 110023 பகா எண்தான்.

எங்கே கவனம் தேவை?

பாதியில் நிறுத்தக் கூடாது. சாணக்கியபுரியின் 110021, 56 பகா எண்களுக்கும் பிடிகொடுக்காமல் போகும். 57-வதான 269-இல்தான் உடையும். 269 × 409 = 110021.

அடுத்து என்ன?

இந்த அளவுள்ள எண்களில் சராசரியாகப் பன்னிரண்டுக்கு ஒன்றுதான் பகா எண். மாளவியா நகரின் 110017 அப்படி ஒன்று. நூறு இலக்க எண்ணுக்கு நம் வழி உதவாது. எவ்வளவு பெரிய எண்ணையும் நியாயமான நேரத்தில் உறுதியாகச் சோதிக்கும் முறையை 2002-இல் ஐஐடி கான்பூரின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் கண்டார்கள்.

நாம் இப்போது சென்னை தி.நகரின் 600017-ஐ எடுப்போம். 600 − 17 = 583. இதை 7, 11, 13-இல் எது வகுக்கிறது என்று பாருங்கள்.