அன்னதானமும் அயலில் விளையும் உணவும்

இந்து சமயத்தில் அன்னத்திற்கு அளிக்கப்பட்டுள்ள இடம் மிக உயர்ந்ததாகும். தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லி, அன்னத்தை முதற்படியாக வைத்தே மெய்ஞ்ஞானத்தை விளக்கிச் செல்கின்றது. திருவிழாக் காலங்களில் நடைபெறும் மகேஸ்வர பூசையும் அன்னதானமும் அன்னத்தின் மேன்மையை உணர்ந்த முன்னோர் வகுத்தவையே. ஆயினும் இலையில் பரிமாறப்படும் உணவு எங்கிருந்து வருகின்றது என்பதை அடியார்கள் சிந்திப்பது குறைவு.

கண்டிப் பிரதேசத்திலுள்ள ஒரு கிராமக் கோயிலின் அன்னதானத்தையே எடுத்துக்கொள்ளலாம். அரிசி பெரும்பாலும் இந்நாட்டில் விளைந்தது. சாம்பாருக்குப் போடும் மைசூர்ப் பருப்பு பெயரளவில்தான் மைசூர். அது கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருகின்றது. உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றிலும் பெரும்பகுதி இறக்குமதியே. வீட்டுக்குத் திரும்பினால் ரொட்டி. இலங்கையில் கோதுமை விளைவதில்லை என்பது பாடசாலைப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம்.

தோட்டத்து மக்கள் கோதுமை மாவுக்குப் பழகியது நாவின் ருசியினால் அன்று. அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் கைக்குக் கிடைத்தது மாவு. விடிவதற்கு முன் சுட்டு, மலைக்கு எடுத்துச் செல்ல ரொட்டிதான் வசதி. ஆகையால் அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் பிற நாட்டுத் தானியத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை மலையகம் இரண்டு தடவை அனுபவித்துள்ளது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பின்னர் 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்ட போதிலும் விளைச்சல் வீழ்ந்துவிட்டது. அடுத்து வந்த டொலர் நெருக்கடியில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. மாவின் விலை பல மடங்காகியது. மூன்று வேளை உண்டவர்கள் இரண்டு வேளையோடு நிறுத்திக்கொண்டனர்.

அக்காலத்தில் ஓரளவு தாக்குப்பிடித்தவர்கள், வீட்டைச் சுற்றித் தோட்டம் உள்ள கண்டிக் கிராமத்தவர்கள். கண்டி வீட்டுத் தோட்டம் உலகெங்குமுள்ள விவசாய ஆய்வாளர்கள் வந்து பார்த்துச் செல்லும் ஒன்றாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காடு போலத் தோன்றும். மேலே தென்னை, பலா, கித்துள். அவற்றின் நிழலில் சாதிக்காய், கராம்பு, கோப்பி, வாழை. மரத்தைப் பற்றிப் படரும் மிளகு. நிலத்தில் இஞ்சி, மஞ்சள், சேம்பு, கீரை வகைகள். உதிரும் இலையே உரம். வேர்கள் சரிவு நிலத்து மண்ணை மழையில் கரைந்து போகாமல் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். 2020ஆம் ஆண்டில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மஞ்சள் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்றபோது, அபிஷேகத்திற்கு மஞ்சள் தேடிய கோயில்கள் பட்ட சிரமம் பலருக்கு நினைவிருக்கும். வீட்டின் பின்புறம் பத்து மஞ்சள் கிழங்கை நட்டிருந்தவர்களுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை.

இத்தோட்டத்தின் தலைமகன் பலாமரம். சிங்கள மக்கள் அதனைச் சோற்று மரம் என்னும் பொருளில் ‘பத் கஹ’ என்பர். பிஞ்சு கறியாகும், காய் சோற்றுக்கு ஈடாகும், பழம் இனிப்பாகும், கொட்டையும் உணவாகும். உரமோ மருந்தோ கேட்காது. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் போது ஆங்கிலேயரால் சிறையிடப்பட்டவர். அவர் பிற்காலத்தில் நாடெங்கும் பலா மரம் நடும் இயக்கத்தை நடத்தி ‘கொஸ் மாமா’ என்று பெயர் பெற்றார். பலாவை அனுமதியின்றி வெட்டலாகாது என்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே உண்டு. இத்தனையிருந்தும் விருந்தினர் வந்தால் பலாக்காய் சமைக்க வெட்கப்படுகின்ற வழக்கம் ஒன்று சில வீடுகளில் இருப்பது விந்தையே.

இங்கு ஓர் உண்மையைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று எவரும் எளிதாகக் கூறிவிடலாம். லயன் காம்பராவின் முன்னால் ஒரு கறிவேப்பிலைக் கன்றுக்கு மேல் நட இடமில்லாத குடும்பங்கள் இன்னும் பல உள்ளன. தனி வீடும் 7 பேர்ச்சஸ் காணியும் பெற்றவர்கள் சிலரே. தனக்கு உரித்தில்லாத நிலத்தில், ஆறேழு வருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை எவர் நடுவார்?

அவ்வாறானவர்களுக்கும் உரிமையுள்ள இடம் ஒன்று ஊரில் உண்டு. அதுவே கோயில் காணி. நந்தவனத்தில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் வைப்பது போல, கோயிற் காணியின் ஓரத்தில் நான்கு பலா, இரண்டு முருங்கை, ஒரு வாழைப் பாத்தி, மஞ்சள் வரிசை வைக்கலாம். அன்னதானத்திற்குப் பலாக்காய்க் கறியும் அங்கேயே, வாழையிலையும் அங்கேயே. பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டது. ஒரு தடவை மாத்திரம் பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி ஆகியன 2023 ஒக்டோபர் முதல் தடை. எனவே வாழையிலைக்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. பருப்புக்குப் பதிலாக மாதத்தில் சில நாட்கள் இந்நாட்டில் விளையும் பயறு, கௌபியை உபயகாரர்கள் வழங்கலாம். மரக்கறியை மாரஸ்ஸன, ஹேவாஹெட்டப் பக்கத்து விவசாயிகளிடமிருந்து நேரே வாங்கலாம்.

இலையில் மீதமாகும் சோறும் கவனிக்க வேண்டியதே. கண்டி நகரின் குப்பை பல தசாப்தங்களாக மகாவலிக்கு அண்மையிலுள்ள கொஹாகொடையில் கொட்டப்பட்டு வந்துள்ளது. அங்கு அழுகி வடியும் நீர் ஆற்றையே சேர்கின்றது. முதலில் சிறிதளவு பரிமாறி, வேண்டுவோருக்கு மீண்டும் வழங்குவதே தொண்டர்களுக்கு உகந்த முறை. சிறு பிள்ளையின் இலையில் பெரியவருக்குரிய அளவைக் குவிப்பது அன்பின் பெயரால் நடக்கும் வீண்விரயம். எஞ்சும் இலையும் கழிவும் மடைப்பள்ளிக்குப் பின்னால் ஒரு குழியிலிட்டு மண்மூடினால் சில மாதங்களில் நந்தவனத்திற்கு உரமாகும்.

பலாக் கன்று நடுவோர் ஒன்றைக் கவனத்திற் கொள்ள வேண்டும். காயவைத்த கொட்டை முளைக்காது. பழம் உண்ட சில நாட்களுக்குள், கழுவிய கொட்டையை நேரே குழியிலோ பையிலோ இட்டு, ஈரம் காயாமல் நிழலில் வைத்துப் பேணுதல் வேண்டும். ஆடு, மாடு எட்டாத உயரம் வளரும் வரை சுற்றி வேலி அவசியம்.