கழுதைக்கும் சம்மதம் வேண்டும்

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உளவியல் படிப்பு முடிந்ததும் தோட்டவெளிக் காணியில் ஆடு, கோழி, கழுதை வளர்த்து, மனம் நொந்தவர்களுக்கும் பேச்சு வராத பிள்ளைகளுக்கும் அங்கேயே சிகிச்சை கொடுக்கப்போகிறாயாம். உன் அம்மா தலையில் கை வைத்திருப்பாள். நான் வைக்கவில்லை. ஆனால் 'சிகிச்சை' என்ற சொல்லை இப்போதைக்குத் தள்ளி வை. அதைச் சொல்லப் பயிற்சி பெற்றவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இது ஒன்றும் நேற்று முளைத்த யோசனை இல்லை. 1796இல் இங்கிலாந்தின் யோர்க் நகரில் வில்லியம் ரியூக்கும் அவரது சபையாரும் திறந்த மனநல இல்லத்தின் முற்றங்களில் முயலும் கோழியும் கடற்காகமும் திரிந்தன. மற்ற இடங்களில் நோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த காலம் அது. டெவன் பகுதியில் எலிசபெத் ஸ்வென்ட்சன் 1969இல் கழுதைக் காப்பகம் தொடங்கினார். பின்னாளில் விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் அவற்றோடு பழக விட்டார். அவ்வளவு தூரம் ஏன்? நம் மன்னாரிலேயே பிரிட்ஜிங் லங்கா அமைப்பு கழுதைகளுக்கென்று வைத்தியசாலையும் கல்வி நிலையமும் அமைத்து, அங்கே பிள்ளைகளையும் கழுதைகளோடு பழக விட்டது. குப்பையில் பிளாஸ்ரிக் தின்று, இரவில் வீதியில் படுத்து வாகனத்தில் அடிபடும் பிராணியை, ஊர் விரட்டுகிற பிராணியை, ஒரு பிள்ளைக்குத் துணையாக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பு.

பயந்தால் குதிரை ஓடும், கழுதை நின்றுவிடும். நாம் அதைப் பிடிவாதம் என்று அடிக்கிறோம். அது ஆபத்தை அளந்துகொண்டு நிற்கிறது. அதட்டினால் அசையாது. குரலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் காத்திருந்தால் தானாக வரும். தன் அசைவுக்கு இன்னோர் உயிர் மறுமொழி சொல்கிறது என்பதைப் பேசாத பிள்ளைகூட இப்படிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் காதைப் பின்னால் மடித்து, வாலைச் சுழற்றினால் அன்றைக்கு அதற்கு ஓய்வுதான், பிள்ளை எத்தனை மைல் வந்திருந்தாலும் சரி. படம் எடுப்பதற்காக யாரையும் முதுகில் ஏற்றாதே. ஒற்றைக் கழுதையும் வளர்க்காதே, துணை இல்லாவிட்டால் வாடிப்போகும். வலியை மறைக்கிற சாதி அது; தீன் தின்னாமல் மந்தமாக நின்றால் அன்றே மிருக வைத்தியரைக் கூப்பிடு, மறுநாள் பிந்திவிடும்.

பெரியவர்கள் சங்கதி வேறு. போர் 2009இல் முடிந்தது. அதைப் பற்றி வாய் திறக்காத ஆண்கள் நம் கரையோரத்தில் இன்னும் எத்தனை பேர்! அவர்களிடம் எதையும் கேட்காதே. குழை ஒடித்து வரச் சொல், பட்டி கூட்டச் சொல், கிணற்றில் அள்ளித் தொட்டியை நிரப்பச் சொல். ஆட்டுக்கு நம் துக்கம் தெரியாது, தன் பசி தெரியும். படுத்தே கிடப்பவனையும் அது காலையில் எழுப்பிவிடும். கை வேலையில் இருக்கும்போது, எதிரே உட்கார்ந்து யாரும் பார்க்காதபோது, சிலர் பேசத் தொடங்குவார்கள். பேசாவிட்டாலும் பட்டி சுத்தமாகியிருக்கும். ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தச் சொல்லிவிடாதே. இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது: சிகிச்சை என்ற பெயரில் கூலியில்லாத ஆள் சேர்க்கிற புத்தி நல்லவர்களுக்கும் வரும். ஒருவர் நாள் முழுக்க உழைத்துப் பண்ணைக்கு வருமானம் வந்தால் அவருக்குக் கூலி கொடு.

விலங்கைத் தொட்ட பிள்ளைகள் கை கழுவச் சவர்க்காரமும் தண்ணீரும் பட்டி வாசலிலேயே இருக்கட்டும். கோடையில் கிணறு உவர்க்குமா, வற்றுமா என்பதை ஒரு வருடம் பார்த்துவிட்டுப் பிராணிகளின் தொகையைத் தீர்மானி. வேலி அடைக்க அவசரப்படாதே. முதலில் அனுபவமுள்ளவர்களிடம் போய், கழுதை விட்டை அள்ளி, குளம்பு வெட்டுவதைப் பார்த்துப் பழகு. அதன் பிறகும் உனக்கு மனம் இருந்தால் எழுது, கம்பிவேலிக் காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
மாமா