சிகிச்சையை அரசு விலைக்கு வாங்கும்போது

மாத்திரை தரமில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அப்படித்தான் சோதித்து வாங்குகிறது. கேரளமும் 2007இல் திருவனந்தபுரத்தில் தனக்கென ஒரு கழகம் அமைத்தது. ஆனால் செய்து முடித்த அறுவைச் சிகிச்சையை யாரிடம் திருப்பி அனுப்புவது? அதனால் டயாலிசிஸோ, ஆம்புலன்ஸோ, படுக்கைச் சிகிச்சையோ வெளியிலிருந்து வாங்கப்போகும் நகராட்சியும் சுகாதாரச் சங்கமும் நலவாரியமும் கையெழுத்துக்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

முதலில் உங்கள் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுங்கள். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எத்தனை பேரை வேறிடத்துக்கு அனுப்பினீர்கள் என்று பாருங்கள். உங்கள் மருத்துவமனையால் முடியாத அளவை மட்டும் வாங்கினால் போதும்.

அடுத்து, செலவு எகிறினால் யார் தலையில் விழும் என்பதை முடிவு செய்யுங்கள். கேரளம் 2019 ஏப்ரலில், அதுவரை தனித்தனியாக நடந்த காப்பீட்டுத் திட்டங்களைச் சேர்த்துக் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமாக்கியது. ஏறத்தாழ 42 லட்சம் குடும்பங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. முதலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டினார்கள். 2020 ஜூலையிலிருந்து மாநில சுகாதார முகமையே மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பணம் தருகிறது. நிறுவனம் நடுவில் இருந்தால் ஆண்டுச் செலவு முன்கூட்டியே தெரியும். ஆனால் க்ளெய்மைத் தள்ளுபடி செய்யச் செய்ய அதற்கு லாபம். நேரடியாகக் கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு பில்லையும் படித்துப் பார்க்கச் சொந்த மருத்துவர்களும், கையில் ரொக்கமும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத சிறிய அமைப்பு நேரடி முறையில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்றாவது, விலைக்குள் எதெல்லாம் அடக்கம் என்று எழுதுவது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜில் படுக்கை, மருத்துவர், மருந்து, பரிசோதனை, உணவு, சேருவதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் எல்லாம் சேர்த்திதான். உங்கள் ஒப்பந்தத்திலும் இப்படிப் பட்டியலிட்டு, "நோயாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது" என்ற வரியைச் சேருங்கள். விடுபட்டுப்போகும் ஒவ்வொரு பொருளும் வாசலில் நிற்கும் குடும்பத்தின் கடனாகிவிடும். டெண்டரில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே கொடுத்துவிடும் பழக்கமும் ஆபத்தானது. டயாலிசிஸுக்கு ஊசி, குழாய், தண்ணீர்ச் சுத்திகரிப்பு, செவிலியர் ஊதியம் என்று அடக்கவிலையை நீங்களே கணக்கிடுங்கள். அதற்குக் கீழே கேட்பவர் எதையோ குறைக்கப்போகிறார். விலையை முன்பே அறிவித்து, தரத்தில் போட்டியிடச் சொல்வது மேல். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தரச்சான்று பெற்ற மருத்துவமனைகளுக்குக் கூடுதல் தொகை கொடுப்பது அதற்காகத்தான்.

நான்காவது, பணம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் சரிவது இங்கேதான். மாநிலத்துக்குள் நடந்த சிகிச்சைக்கான க்ளெய்மை 15 நாளில் தீர்க்க வேண்டும் என்பது ஆயுஷ்மான் பாரத் விதி. நிலுவை சேர்ந்ததும் கேரளத்தில் சில தனியார் மருத்துவமனைகள் காருண்யா திட்டத்திலிருந்து விலகின. ஊதியம் தாமதமானபோது அங்கே 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். இரண்டிலும் தவித்தவர் நோயாளி. மூன்று மாதச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். தாமதத்துக்கு வட்டியையும் நீங்களே எழுதிக்கொடுங்கள்.

கடைசியாக, அளவீடு. 2019இல் 315 வண்டிகளோடு கேரளம் தொடங்கிய கனிவு 108 போன்ற ஆம்புலன்ஸ் சேவையில், ஓட்டத்துக்குப் பணம் என்றால் பொய் ஓட்டம் எழுதப்படலாம். மாத வாடகை மட்டும் என்றால் வண்டி நின்றுகொண்டிருக்கும். நிலையான தொகையும், தாமதத்துக்குப் பிடித்தமும் சேர்ந்திருக்கட்டும். வீடு திரும்பிய நோயாளிகளில் சிலரை மாதந்தோறும் தொலைபேசியில் அழைத்து, பணம் கேட்டார்களா என்று விசாரியுங்கள்.

இன்னொன்று: திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் கன்னியாகுமரிக்காரர்கள் நிறையப் பேர் போகிறார்கள். ஆகவே எது இலவசம், புகாருக்கு ஆயுஷ்மான் பாரத் உதவி எண் 14555, கேரளத்தில் ஆலோசனைக்கு திசா உதவி எண் 1056 என்ற பலகையை மலையாளத்திலும் தமிழிலும் மாட்டுவதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே எழுதுங்கள்.