அப்புச்சியின் புத்தகங்கள்

அப்புச்சி சேர்த்துவைத்த 1930-களின் தமிழ்ப் புத்தகங்கள் தொட்டாலே உதிர்கின்றன. இணையத்தில் ஏற்றிக் காப்பாற்ற வழி உண்டுங்களா?
– வாசகி, சூலூர்

உண்டுங்க அம்மணி! முதலில் ஒவ்வொரு தலைப்பையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பாருங்கள். பழைய நூல்கள் பல அங்கே முழுதாகவே இருக்கின்றன, காசில்லாமல் படிக்கலாம். அங்கே இல்லாததுதான் பொக்கிஷம். அதை விரித்து அழுத்தி ஸ்கேன் செய்துவிடாதீர்கள், முதுகு முறிந்துவிடும். மேலிருந்து படமெடுக்கும் கருவிதான் சரி. கல்விக்கழகத்துக்கோ, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ பட்டியலோடு எழுதி, ஸ்கேன் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்திருந்தாலோ, நூல் நாட்டுடைமையாகியிருந்தாலோ யாரும் பதிவேற்றலாம். ஸ்கேன் ஆகும்வரை கிழிசலில் செலோடேப் மட்டும் ஒட்ட வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, ஈரமில்லாத அலமாரியில் படுக்கவையுங்கள்.