ஸ்லிங் பட்டையின் இறுக்கம்: இளம் ரைஃபிள் சுடுநருக்கு ஒரு கடிதம்

குப்புறப் படுத்துச் சுடும்போது ரைஃபிளின் எடையைத் தாங்க வேண்டியது, மேற்கையையும் ரைஃபிளையும் இணைக்கும் ஸ்லிங் பட்டையும் முன்கை எலும்பும்தான், தசை அல்ல. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். களைத்த தசையின் நடுக்கம் அதற்குள் அடங்காது. உங்கள் பயிற்சிக் குறிப்பில் இதுவரை எல்லாம் சரி. "எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது" என்று அடுத்த வரியில் வருவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மிதமிஞ்சி இறுக்கிய பட்டை மேற்கையின் உட்புறத் தமனியை அழுத்தும். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் முன்குறி துள்ளும், விரல்கள் மரத்துப்போகும். பட்டையின் இழுப்பு கையின் வெளிப்பக்கத்தில் விழ வேண்டும். வலது கையை எடுத்துவிட்டாலும் ரைஃபிள் தோளைவிட்டு நழுவாமல், இடது விரல்கள் எதையும் பற்றாமல் தளர்ந்திருந்தால், அந்த இறுக்கம் போதும். அதற்குமேல் ஒரு துளைகூட வேண்டாம்.

பட்டையைத் தேர்வதில் பெரிய சூட்சுமம் இல்லை. அகலம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டு விதி. கொக்கி, ரைஃபிளின் அடிப்பக்கத் தடத்தில் ஓடும் ஹேண்ட்ஸ்டாப்புக்கு, அதாவது இடது கை முட்டி நிற்கும் தடுப்புக்கு, பொருந்த வேண்டும். தோல் பட்டைக் காலத்தில் வியர்வை பட்டுத் தோல் இளகும். காலையில் பொருந்திய துளை மாலையில் தொளதொளக்கும். அக்காலச் சுடுநர்கள் துளைகளுக்கு எண் எழுதி வைத்திருந்தார்கள். நீளாத செயற்கைப் பட்டை வந்தபின்னும் அந்த வழக்கம் தேவை.

சரிசெய்யும் வரிசையில்தான் குறிப்பு மீண்டும் தடுமாறுகிறது. முதலில் ஹேண்ட்ஸ்டாப், பிறகே பட்டையின் நீளம். ஹேண்ட்ஸ்டாப்பைப் பின்னுக்கு நகர்த்தினால் முன்கை நிமிர்ந்து குழல் மேலே போகும். முன்னுக்கு நகர்த்தினால் இறங்கும். முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாமல் நிற்கும் இடம் கிடைத்தபின், இறுக்கத்தைத் துளை துளையாகக் கூட்ட வேண்டும். கண்ணை மூடி, மூச்சுவிட்டு, திறந்து பார்க்கையில் குறி பக்கவாட்டில் விலகியிருந்தால் பட்டையைத் தொடவே கூடாது. இடது முழங்கையை ஊன்றியபடி உடம்பைத்தான் திருப்ப வேண்டும்.

பட்டை கையில் அரை அங்குலம் சறுக்கியதும் குண்டுத் துளைகள் கீழே இறங்கியதைக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. அபாரமான கவனிப்பு அது; பல பயிற்சியாளர்களின் கண்ணுக்கே தப்புவது. சறுக்கலைத் தடுக்கத்தான் ஜாக்கெட்டின் மேற்கையில் கொக்கியோ வாரோ தைக்கப்படுகிறது.

மண்டியிட்டுச் சுட நீளம் வேறு. அந்தத் துளையின் எண்ணைத் தனியே குறிக்க வேண்டும். நின்று சுடும் நிலையில் ஸ்லிங்குக்கு அனுமதி இல்லை.